தாணு பிள்ளை வீட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள்

நான் வேலை பார்த்த பேக்கிங் கம்பெனியில் புதிதாக ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். பொருளைச் சுற்றிலும் படம் பிடித்து, அதன் உருவத்துக்கு ஏற்ப ஃபோமை அதுவே குடைந்து கொடுத்துவிடுகிறது. வந்து பாருங்கள் அக்கா என்று அங்கிருக்கும் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு பீங்கான் யானையை வைத்துக் காட்டினார்கள். தும்பிக்கை முதல் வால்வரை யானை அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் கத்தியும் கையுமாகச் செய்ததைவிட நன்றாகவே இருந்தது.

டீ குடிக்கும்போது ஒரு பெண் கேட்டாள், "அக்காவுக்கு இருந்ததுலயே கஷ்டமான வேல எதாக்கும்?"

அதற்கு என்னிடம் வழக்கமான பதில் ஒன்று உண்டு. பழைய மாளிகை ஒன்றின் ஆளுயரக் கண்ணாடியை வளைந்த மாடிப்படியில் இறக்கியபோது, நடுப்படியில் வீட்டு நாய் வந்து படுத்துக்கொண்ட கதை. எல்லோரும் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள். என் ஊரான பனச்சமூட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான், இவ்வளவு வருஷமாக இந்த நாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. கஷ்டமான வேலை அதுவல்ல. அதை இப்போது எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. நான் திருவனந்தபுரத்துக்குப் போய் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது துடைத்துப் பெருக்கும் வேலைக்கு. கை நடுங்காத பெண் என்று யாரோ சொல்லி, கண்ணாடி, பீங்கான் பொதியும் பிரிவுக்கு மாற்றினார்கள். சிலைகள், ஓவியங்கள், பழைய கடிகாரங்கள், கண்காட்சிக்குப் போகும் சாமான்கள் எல்லாம் எங்கள் கை வழியாகப் போகும். முதல் சில வருஷங்கள் வைக்கோலும் பழைய துணியும். பிறகு குமிழித்தாள் வந்தது, பிறகு ஃபோம். அதற்குள் நான் வர்கீஸ் சாருக்கு அடுத்த ஆளாகியிருந்தேன்.

வர்கீஸ் சார் நெய்யாற்றின்கரைக்காரர். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார், அதுவும் கொஞ்சமாக. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச், மோதிரம், சட்டைப்பை பேனா எல்லாவற்றையும் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் தருவார். பிறகு கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எடுக்க வேண்டிய பொருளைச் சுற்றிச் சுற்றி வருவார். வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்து கனைக்கும்வரை தொடமாட்டார். தொட்ட பிறகு யாரும் பேசக்கூடாது. "பத்திரம்" என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. அதைக் கேட்டால்தான் கை நடுங்கும் என்பார். நான் ஏதாவது தூக்கும்போது வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார்.

உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் ஒரு பெட்டியையும் அவர் மூடமாட்டார். ஒரு மருத்துவக் கல்லூரி புதிய கட்டிடத்துக்கு மாறியபோது, மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருந்த பிறவாக் குழந்தைகளின் ஜாடிகளைப் பொதியப் போனோம். பெட்டியின் மேல் "மாதிரிகள்" என்று மட்டும் எழுதினால் போதும் என்றார் அங்கிருந்தவர். சார் ஒவ்வொரு ஜாடியாகக் காட்டி, இது எத்தனை மாதம், இதில் ஒன்றா இரண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மனிதருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"தெறக்கிற ஆளுக்குத் தெரியணும் அல்லே?" என்றார் சார். "அறியாம கண்டா ஜாடி கைவிட்டுப் போவும்."

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சார் தன் பொதிச்சோற்றை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, அதன்பிறகு எனக்கு எலும்பு மட்டும் இருந்த ஜாடிகளைக் கொடுத்தார்.

தாணுமாலயன் பிள்ளை சாரின் வீட்டுக்கு நாங்கள் போனது, நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. பாறசாலையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், பலா மரங்களுக்குப் பின்னால் பெரிய பழைய வீடு. அவருடைய முன்னோர் மகாராஜா காலத்துக் கச்சேரியில் எழுத்தர்கள். இவர் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியிருக்கும். சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கி, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். வீட்டில் அவரும் மனைவி சிவகாமி அம்மாவும் மட்டும்தான்.

பொதிய வேண்டியவை ஜப்பானியக் கண்ணாடிக் கிண்ணங்கள். தேநீர்க் கிண்ணங்கள். பழங்காலத்துச் சாமான் இல்லை. இப்போது உயிரோடு வேலை செய்கிற ஆட்கள் செய்தவை. ஒவ்வொன்றும், முருக்கு மரம் போல எடையே இல்லாத ஒரு மரப்பெட்டியில், நாடா கட்டி இருந்தது. மூடியில் செய்தவரின் கையெழுத்து, மையில். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் கிண்ணம் பாதி அநாதை என்றார் பிள்ளை சார்.

கண்ணாடி இவ்வளவு விதமாக இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. ஒன்று கற்கண்டைப் பொடித்து அச்சில் வைத்து உறையவிட்டது போல மங்கலாக இருந்தது. ஒன்று கடல்நீலம், வெளிப்புறம் முழுக்க ரம்பத்தால் கீறிய நட்சத்திரங்கள். ஒன்றின் சுவருக்குள் பொன் தகடு கிழிந்து கிழிந்து மிதந்தது. வெயில் காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் இவற்றில்தான் பச்சைத் தேயிலைப் பொடியைக் கலக்கிக் குடிப்பார்களாம். கொதிக்கும் தண்ணீர் ஊற்றக்கூடாதாம். கிண்ணத்தை எடுக்கும்போது அவர் முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொள்வார். இரண்டு கையாலும் பிடித்து, மேசைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்கமாட்டார். வர்கீஸ் சார் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவரிடமிருந்து வருகிற பாராட்டு அவ்வளவுதான்.

ஒவ்வொரு கிண்ணத்தையும் எடுக்கும்போது பிள்ளை சார் ஒரு வரி சொன்னார். "இவரு உமாவுக்க வாத்தியாரு." "இந்தப் பொண்ணு உமாவுக்க பக்கத்து மேசை." "இந்தப் பையன் அவளுக்கு அந்த ஊரு பாஷ சொல்லிக் குடுத்தவன்." நாலைந்து கிண்ணங்களுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. உமா அவர்களுடைய ஒரே மகள். கண்ணாடி வேலை படிக்க ஜப்பானுக்குப் போனவள். பனி விழுந்த ரோட்டில் சைக்கிளில் போகும்போது ஒரு லாரி சறுக்கி வந்து இடித்து, அங்கேயே இறந்துபோனாள். அதற்குப் பிறகு பிள்ளை சார் வாங்கிய கிண்ணங்கள் எல்லாம் உமாவைத் தெரிந்தவர்கள் செய்தவை. தெரிந்தவர்கள் தீர்ந்துபோனதும், அவர்களிடம் படித்தவர்கள் செய்ததை வாங்கியிருக்கிறார். உடம்பு இனித் தாங்காது என்று தெரிந்து, எல்லாவற்றையும் அந்த ஊருக்கே, அவள் படித்த இடத்துக்கே அனுப்புகிறார்.

சிவகாமி அம்மா அந்த அறைக்குள் வரவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் டீ வைத்துவிட்டுப் போவார். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் அடுக்களைக்குப் போனபோது சொன்னார், "அந்த முறிக்கு நான் போறதில்ல மக்கா. அந்தக் கோப்பைக்கு ஜப்பான்ல என்னமோ பேரு. சாவன்னு சொல்லுவாரு. எனக்குக் காதுல விழுறது சாவான், சாவான்னாக்கும். எனக்க பிள்ளையக் கொண்டுபோன ஊருல இருந்து, ஒவ்வொண்ணா கொண்டு வந்து அடுக்குதாரு."

இரண்டாம் நாள் முற்பகலில் கடைசிக் கிண்ணத்துக்கு வந்தோம். அதைப் பிள்ளை சார் தனியாக ஓர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். மெல்லிதாக ஊதிய வெள்ளைக் கிண்ணம். வெள்ளை என்றால் சுண்ணாம்பு வெள்ளை இல்லை. தண்ணீரில் கொஞ்சம் பால் சிந்தினால் எப்படி இருக்கும், அப்படி. வர்கீஸ் சார் அடியில் டார்ச்சைக் காட்டினார். பால் நிறம் விலகி, உள்ளே சாயங்காலம் போல ஒரு செம்மஞ்சள் தெரிந்தது. விரிசல் இல்லை, கீறல் இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன்.

"இது எந்து சேர்த்து வெளுப்பிச்சது சார்?" என்றார் வர்கீஸ் சார்.

"எலும்புச் சாம்பல். அது போட்டா கண்ணாடி இப்பிடி வெளுக்கும்."

"அப்போ அதுக்கு வேற பேப்பர் வேணும். மிருகத்துக்க எலும்புன்னா கஸ்டம்ஸ்ல கேப்பாங்க. ஆடா, மாடா?"

பிள்ளை சார் மேசையில் ஊன்றிய முழங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியல்லன்னா செய்த ஆளுகிட்டக் கேக்கலாம் சார்."

"கண்ணாடின்னு மட்டும் எழுதி மூடுங்க வர்கீசே."

"அப்படி மூட முடியாது சார். ஆடா, மாடா?"

"ஆடும் இல்ல. மாடும் இல்ல."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு அவர் எங்களிடம் சொன்னார், குரலைத் தாழ்த்தி. ஜப்பானில் எரித்து முடித்ததும், உறவுக்காரர்கள் இரண்டிரண்டு பேராக, ஒவ்வொரு எலும்பையும் இரு பக்கமும் குச்சியால் பிடித்து எடுத்துக் குடத்தில் வைப்பது வழக்கமாம். கால் எலும்பில் தொடங்கித் தலைவரை. சிவகாமி அம்மாவுக்கு அப்போது பாஸ்போர்ட் இல்லை. இவர் தனியாகத்தான் போயிருந்தார். மறுபக்கக் குச்சியைப் பிடிக்க ஆள் இல்லாமல் நின்றபோது, உமாவோடு படித்த சிநேகிதி மிசாகி வந்து பிடித்தாள். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு கைப்பிடி எலும்பு மட்டும் தனக்குத் தருவீர்களா என்று கேட்டாள். கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் இந்தக் கிண்ணம் வந்தது.

ஸ்டூலில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினோம். சிவகாமி அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்போ அண்ணைக்கு பூவாறுல கரைச்சது?" என்று கேட்டார்.

பிள்ளை சார் அவரைப் பார்க்கவில்லை.

"நான் கேட்டேன். எல்லாம் உண்டான்னு கேட்டேன். குடத்தக் கையில வச்சுக்கிட்டு, உண்டுன்னு சொன்னிய."

"சிவகாமி..."

"பூவாறுல கரைச்சது என்னதுன்னு கேக்கேன்."

"மிச்சம்," என்றார் அவர்.

அந்த அம்மா அழவில்லை, கத்தவில்லை. கதவின் நிலையைத் தாண்டி, போகாத அந்த அறைக்குள் ஒரு காலை வைத்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

வர்கீஸ் சார் கிண்ணத்தை அதன் பெட்டியில் வைத்து மூடாமல் விட்டார். துணிப்பையை வாங்கி, வாட்சைக் கட்டிக்கொண்டார். நாள் முடிந்தால்தான் அவர் வாட்ச் கட்டுவார். "இது உங்க ரெண்டு பேரும் தீருமானிக்கிற காரியம். ஞான் வெளியில உண்டு," என்று சொல்லிவிட்டு கார் நிற்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்தார்.

நான் அடுக்களைக்குப் போனேன். சிவகாமி அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தார். நான் குழாயை அடைத்தேன்.

"திதிக்கு நான் சோறு வச்சா காக்கா எடுக்காது மக்கா," என்றார். "ஒரு வருஷம் இல்ல ரெண்டு வருஷம் இல்ல. அடுத்த வீட்டுக்காரிக்கு வந்து எடுக்கும், எனக்கு எடுக்காது. நான் என்னமோ குற்றம் செஞ்சிருக்கேன், அவளுக்கு எங்கிட்ட கோவம்னு நெனச்சேன். படிக்கப் போவேண்டாம்னு சொன்னேனே, அதுக்காக்கும்னு நெனச்சேன். விரதம் எடுத்தேன். ராமேஸ்வரம் போனேன். இவரு கூட வந்தாரு. கூட வந்து, எல்லாம் பாத்துட்டு நின்னாரு."

களைந்த அரிசியை வடித்து வைத்தேன்.

அன்று அந்த வீட்டில் சமையல் நடக்கவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் போனபோது, சிவகாமி அம்மா குளித்து, வெளிறிய சேலை ஒன்று உடுத்து, முன்வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார். பிள்ளை சார் அறையில், கிண்ணத்தின் முன்னால். முந்தின நாள் போட்டிருந்த அதே சட்டை.

"அது பெட்டியில போவாது," என்றார் அம்மா, எங்களைப் பார்த்து. "எனக்குத் தரணும். பூவாறுக்குக் கொண்டு போறேன்."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "உடைக்காத சிவகாமி. வேற என்ன வேணும்னாலும் செய்யி. அது ஒருத்தி மூச்சு விட்டு ஊதினதாக்கும்."

"நான் எதுக்கு உடைக்கேன்? அது எனக்க பிள்ள."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காலைத் தேய்த்து நடந்து வந்தார். மேசைக்கு மேலே ஒரு சாணுக்கு மேல் அதைத் தூக்காத மனிதர், நெஞ்சுயரத்தில், வெறும் சிமெண்டுத் தரைக்கு மேலே கொண்டு வந்தார். வர்கீஸ் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவியிடம் கொடுக்கப் போனவரை சார் தடுத்தார். "இவிடம் வச்சு தரூ. பொதிஞ்சு தாறேன்." கடலில் போடப்போகிற பொருளைப் பொதிந்தார். அமிலமில்லாத மெல்லிய தாளைக் கசக்கி உள்ளே நிரப்பினார், வெளியே மூன்று சுற்று சுற்றினார், ஒரு அட்டைப்பெட்டிக்குள் ஃபோம் வைத்துக் குழி வெட்டினார். கடல் கடந்து போகும் பெட்டிக்குச் செய்கிற எல்லாவற்றையும், ஒன்றையும் விடாமல் செய்தார். பாறசாலையிலிருந்து பூவாறு ரோடு அவ்வளவு மோசம். பெட்டியின் மேல் எழுத வேண்டியதற்காக நான் பேனாவோடு காத்திருந்தேன்.

"உமான்னு எழுது," என்றார்.

எங்கள் வேனிலேயே போனோம். பெட்டி சிவகாமி அம்மாவின் மடியில். பிள்ளை சார் முன் சீட்டில், திரும்பிப் பார்க்காமல். பூவாறில் ஒரு படகுக்காரரிடம் பேசினோம். சுற்றுலாக் கூட்டம் என்று நினைத்துப் பாட்டுப் போட்டவர், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்தில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு உண்டு. அங்கே இறக்கிவிட்டார். பக்கத்தில் ரிசார்ட் படகுகள் போய்க்கொண்டிருந்தன. மிதவைச் சட்டை போட்ட வெளியூர்க்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒரு குழந்தை ரொம்ப நேரம் அசைத்துக்கொண்டே போனது.

பலி போடும் ஆளைக் கூப்பிடவா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார் அம்மா. பிரித்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, சேலை நனைய ஆற்றுப் பக்கம் இறங்கினார். தண்ணீர் அங்கே கரையோரம் சுழித்துச் சுழித்துக் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுக்குப் போனதும் நின்று, கிண்ணத்தை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். அதை அவர் கையில் எடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல வெளிச்சத்தில் அது முழுவதும் சிவந்து தெரிந்தது.

பிறகு குனிந்து தண்ணீரில் வைத்தார். அது மிதந்தது.

ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் சாய்ந்து, நேராகி, திரும்பவும் அவர் முழங்காலில் வந்து முட்டியது. அவர் தள்ளிவிட்டார். மறுபடி வந்தது. அம்மா எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மணலில் நின்ற பிள்ளை சார் சொன்னார், "அது முங்காது. ரொம்ப மெலிசு. தண்ணி ஊத்தணும்."

அம்மா கையைக் குவித்துத் தண்ணீர் அள்ளி, கிண்ணத்துக்குள் விட்டார். மறுபடி அள்ளி விட்டார். பாட்டிலை வாங்காத பிள்ளைக்குப் பாலைச் சிறுகச் சிறுகக் கொடுப்பதுபோல, அவசரமில்லாமல். கிண்ணம் தாழ்ந்து தாழ்ந்து, விளிம்பு மட்டும் ஒரு வெள்ளை வளையமாகத் தெரிந்தது. "போ மோளே," என்றார். வளையமும் மறைந்தது. அடியில் கொஞ்ச தூரம் வெள்ளையாக நகர்வது தெரிந்தது. பிறகு தண்ணீர் கலங்கல்.

பிள்ளை சார் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கினார். அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார். அம்மா இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

திரும்பி வந்து மீதி வேலையை முடித்தோம். பெரிய பெட்டியில் வெள்ளைக் கிண்ணத்துக்கென்று முன்பே வெட்டியிருந்த குழியை வர்கீஸ் சார் ஃபோம் துண்டு வைத்து அடைத்தார். அதன் மரப்பெட்டியை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அது மேசையிலேயே இருந்தது. பெட்டிகளுக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தபோது பிள்ளை சார் மிசாகியைப் போனில் கூப்பிட்டார். சரக்கு வந்து திறக்கும்போது அவளாகத் தெரிந்துகொள்ளக்கூடாது என்றார். திரையில் ஒரு பெண் தெரிந்தாள். நாற்பது வயதிருக்கும், தலையில் துணி கட்டி, நெற்றியெல்லாம் வியர்வை. உலைக்குப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறாள். அவர் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அவள் ஏதோ கேட்டாள். பிள்ளை சார் போனை மார்போடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

சிவகாமி அம்மா உள்ளே வந்தார். "அவ என்ன கேக்கா?"

"உடைஞ்சு போச்சான்னு கேக்கா."

அம்மா ஈரச் சேலையில் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கினார். தன் மகளின் எலும்புக்கு மறுபக்கக் குச்சி பிடித்தவளின் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மக்கா," என்றார். "உடையல்ல. முழுசாத்தான் போனா."

பிறகு சொல்ல ஆரம்பித்தார், தமிழில், நடந்த வரிசையிலேயே. கிண்ணம் மிதந்தது, முழங்காலில் வந்து முட்டியது, தள்ளத் தள்ளத் திரும்பி வந்தது, தண்ணீர் கோரி விட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவள் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் பிள்ளை சார் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார்.

"நீங்க பேசாதீங்க," என்றார் சிவகாமி அம்மா. "நான் அவகிட்ட சொல்லிட்டிருக்கேன்."